பைக்குள் நடந்த கூட்டம்

காலையிலிருந்து காவல் நிலைய பெஞ்சில் காத்துக்கிடந்தாள் இஸ்திரிக்காரி. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. நின்றே பழகிய கால்களுக்குச் சும்மா உட்கார்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஒருவழியாக உள்ளே கூப்பிட்டார்கள். அவள் போன் ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் அறிவித்த பெண்கள் அத்தனை பேரின் போனும் தினமும் சங்கத் தலைவி வீட்டில் கூடுவதாக டவர் காட்டுகிறது, அங்கே என்ன சதி நடக்கிறது என்று கேட்டார் அதிகாரி.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடத்துக்குள் போனைக் கண்டால் மேஸ்திரி பிடுங்கிக்கொள்வார். அதனால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தலைவி வீட்டில் கொடுத்துவிடுவார்கள். கால் முறிந்து படுத்திருக்கும் தலைவியின் புருஷன்தான் காவல்.

"கூட்டம் போட்டது போனுங்கதான் சார். நாங்க அப்போ துணி தேச்சுக்கிட்டிருந்தோம்."

அதிகாரி சிரிக்கவில்லை. தப்பு இல்லையென்றால் போனைத் திறந்து காட்டு என்றார். பிறகு அவள் போன் அழைப்புகளின் பட்டியல் இருந்த காகிதத்தைப் புரட்டி, தங்கச்சியோடு ராத்திரியில் அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்றார்.

அவளுக்கு உடம்பு கூசியது. தங்கை புருஷனை விட்டு வந்தது பெற்ற தாய்க்கே இன்னும் தெரியாது. அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது.

"அவ எங்கிட்ட அழுதா. அது உங்களுக்கு எதுக்கு? உங்க வீட்டம்மா பேசறதை நான் ஒட்டுக்கேட்டா விடுவீங்களா? கோர்ட்டு உத்தரவு கொண்டாங்க, அப்புறம் பார்ப்போம்."

திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது என்றார் அவர். போகாவிட்டால் போகட்டும், மேஸ்திரிதான் உட்கார விட்டதில்லை, நீங்களாவது விட்டீர்களே என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

அப்போது மேசைமேல் போன் அடித்தது. திரையில் பக்கத்து வீட்டுக்காரியின் எண். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள்தான் அங்கிருந்து கூப்பிடுவாள். அவள் கை நீட்டுவதற்குள் அதிகாரி அழைப்பை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பேசாமல் இருந்தார்.

"அம்மா, எங்கம்மா இருக்கே? வீடு பூட்டியிருக்கு."

அவள் மேசைப் பக்கம் குனிந்தாள். குரலை உயர்த்தினாள்.

"கண்ணு, எதுவும் பேசாதே. போலீஸ் கேட்டுக்கிட்டிருக்கு. பக்கத்து வீட்டு அக்காகிட்டயே இரு. அம்மா வந்துடுவேன்."

அழைப்பு நின்றது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு அதிகாரியை நேராகப் பார்த்தாள். பக்கத்திலிருந்த காவலர் போனைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.