மூன்று மணிச் சொட்டு

கணவரின் உடலைச் சுமந்த சந்தூக்கு தெருமுனையில் திரும்பியபோது துரை கனைக்கவில்லை. எதிர்க் கொட்டகையில் தொட்டிக்குள் தலையை விட்டு, ஊறிய கொள்ளைத் தின்றுகொண்டிருந்தது. வாசற்படிக்கு உள்ளே நின்று பார்த்த ஷரீபா பீவிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. பசி இருக்கிறது என்றால் கண்ணில் சீழ் வைக்கவில்லை.

திண்டிவனத்தில் கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமக்கிற வெள்ளைக் குதிரை துரை. போன வாரம் விழுப்புரத்து ஊர்வலத்தில் யாரோ வெடித்த காகித வெடி அதன் இடது கண்ணில் பட்டது. அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் கண் மூடாக்குப் போட்டுவிட்டது. மூன்று மணி நேரத்துக்கொரு சொட்டு மருந்து, பத்து நாள். தவறினால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். கணவர் சிக்கந்தர் பாட்சா வலப்பக்கம் நின்று தலையை அணைத்துக்கொள்வார். ஷரீபா பீவி சொட்டு விடுவாள். பதினாலு வருஷமாகக் கேப்பைக் களி உருட்டிக் கொடுத்த கையை மட்டும்தான் கண்ணருகே அது அனுமதித்தது.

இன்று காலை ஆறு மணிச் சொட்டு விட்டார்கள். ஏழு மணிக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பதும் பன்னிரண்டும் தவறிவிட்டன.

அடக்கம் முடிந்து திரும்பியதும் மகன் பாரூக் மருந்தோடு கொட்டகைக்குப் போனான். கிழிந்த சட்டைக் கையோடு வந்தான்.

"கண்ணுகிட்டயே வுட மாட்டேங்குதும்மா. கடிக்க வருது."

"வுட்டுத்தள்ளுடா," என்றாள் சிக்கந்தரின் தங்கை. "ஒத்தக் கண்ணோட எத்தினி குதிர ஓடுது."

"ஒத்தக் கண்ணு குதிர மேல எந்த மாப்பிள ஏறுவான் மாமி?" என்றான் பாரூக்.

ஷரீபா பீவி முக்காட்டைச் சரிசெய்தாள். "நான் போய்ட்டு வர்றேன். ரெண்டு நிமிசம்."

"புருசன் போயி இத்தால ஒக்காந்துக்கினு தெருவத் தாண்டுவியா அண்ணி? நாலு மாசம் பத்து நாளு. இன்னும் ஒரு பொழுதுகூட ஆவல. அடுத்த ஆம்பள மொகம் பாக்கக் கூடாது."

"துரையும் ஆம்பளதான்," என்ற மருமகள் தமன்னா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷரீபா பீவி உள்ளே போனாள். பிரிட்ஜில் அவருடைய இன்சுலினுக்குப் பக்கத்தில் பாரூக் திருப்பி வைத்திருந்த கண்மருந்துக் குப்பியை எடுத்தாள்.

"பாரூக்கு, மூணு ஆவுது. கயித்த அவுத்து அத இங்க கூட்டினு வா. நான் படி தாண்டல."

குளம்புச் சத்தம் தெருவைக் கடந்தது. வாசல் இருண்டது. பெரிய வெள்ளைத் தலை ஒன்று கூடத்துக்குள் நுழைந்ததும், ஓதிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தன்னையறியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ சிரிப்பை விழுங்கினார்கள்.

"வாடா," என்றாள் ஷரீபா பீவி. விரலால் இமையை விலக்கினாள். சொட்டு விழுந்தது.

எரிச்சலில் துரை வழக்கம்போலத் தலையை வலப்பக்கம் தள்ளியது. அங்கே அவர் மார்பு இருக்கும். இப்போது நிலைக்கட்டைதான் இருந்தது. இடித்துக்கொள்ளாமலிருக்க அவள் தன் உள்ளங்கையை நடுவில் வைத்தாள்.

துரை வெகுநேரம் அதில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது.

"ஆறு மணிக்கு மறுபடி கூட்டினு வா," என்றாள், கையை எடுக்காமல்.