எனக்கு வந்தது வாய்வு

என் வீட்டுக்காரர் கன்னையாவுக்கு இரண்டாயிரத்து மூன்றில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் மூன்று அடைப்பு. காலிலிருந்து ஒரு குழாயை உருவி நெஞ்சில் வைத்துத் தைத்தார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் எங்கள் ஒரே மகன் ஹரிபிரசாத் மூன்றாம் நாளே பறந்து வந்தான். புத்தூர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து ஆப்பிளாகக் கொட்டினார்கள். நான் பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தேன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு நாங்கள் அப்போதே திருப்பதிக்குக் குடிவந்திருந்தோம். ரேணிகுண்டா ரோட்டில் மாடி வீடு. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் ராஜா. டாக்டர் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தார். அவருக்கு எண்ணெய் இல்லாத குழம்பு தனி, உப்புக் குறைந்த ரசம் தனி. காலையில் இரண்டு முட்டை, வெள்ளை மட்டும். மஞ்சளைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. வெங்காயம் போட்டு வதக்கி நானே தின்று தீர்த்தேன். கறி எடுத்தால் சதை அவருக்கு, கொழுப்பு எனக்கு. யாராவது நெய்ப் பலகாரம் கொண்டுவந்தால், "எனக்கு ஆவாது, அவகிட்ட குடுங்க" என்பார். இப்படி ஐந்து வருஷம் அவர் வயிற்றுக்கு ஆகாததெல்லாம் என் வயிற்றுக்குப் போனது. சிக்கனமான பெண்பிள்ளை என்று எனக்கு நல்ல பேர்.

தினமும் பார்க்குக்கு நடக்கப் போவார். பழகியவர், பழகாதவர் எல்லோருக்கும் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டுவார். பட்டாளத்தில் வாங்கிய மெடல் கெட்டது, போங்கள்.

எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது இரண்டாயிரத்து ஏழு கடைசியில். துணி உலர்த்த மாடி ஏறினால் பாதிப் படியில் நிற்க வேண்டியிருந்தது. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல ஒரு பாரம். அது முதுகுக்குப் போய், தாடைக்கு ஏறி, இடது கையில் இறங்கும். உட்கார்ந்தால் போய்விடும். அவரிடம் சொன்னேன்.

"வாய்வு. ராத்திரி உருளைக்கிழங்கு துன்னே இல்ல? சோடா குடி, சரியாப்பூடும்."

தன் நெஞ்சில் சுருக்கென்றால் ஆட்டோவைக் கூப்பிடுகிற மனுஷன். எனக்கு மட்டும் சோடா. தெருமுனை மருந்துக் கடைக்காரனும் ரோஸ் கலரில் ஒரு டானிக் கொடுத்தான். நான் அதையும் குடித்தேன். குடித்த என்னைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

அடுத்த வருஷம் மருமகள் பிரேமலதா முழுகாமல் இருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு நான் வந்து ஆறு மாசம் இருக்க வேண்டும் என்று பிரசாத் சொன்னான். எனக்கும் ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது. விசா வாங்கியாகிவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது என் வீட்டுக்காரருடைய வருஷாந்திரச் செக்கப் வந்தது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இவர் கை வீசிக்கொண்டு மாடி ஏறினார். நான் இவருடைய ஃபைலையும் ஸ்கேன் கவர்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். பாதியில் அந்தப் பாரம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேலேயிருந்து இறங்கிவந்த இவருடைய டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, ஆயாசமா? எத்தனை நாளா இப்படி?"

"வாய்வுங்க சார்" என்றேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

அவர் நம்பவில்லை. அங்கேயே ஈசிஜி எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வாங்க, ஆஞ்சியோகிராம் எடுத்துடலாம். தள்ளிப் போடாதீங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசாத் போன் செய்தான். இவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, இப்ப அந்த டெஸ்ட்டு எடுக்காத. எடுத்து எழுத்துல வந்துட்டா, பழைய வியாதின்னு சொல்லிடுவான். அப்புறம் இங்க உனக்கு ஏதாச்சும்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். இங்க வந்துடு. வந்தப்புறம் புதுசா வந்தா மாதிரி காட்டிக்கலாம்."

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கறேன்" என்றார் இவர்.

வியாதி இருக்கலாம், காகிதத்தில் இருக்கக் கூடாது. அப்பனும் மகனும் எவ்வளவு சுலபமாகப் பேசி முடித்தார்கள்! கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் நல்லதுக்கு என்று இரண்டு பேரும் மனசார நம்பினார்கள். நானும் தலையாட்டினேன். வியாழக்கிழமை வந்தது, போனது.

சனிக்கிழமை காலையில் மருமகளுக்குப் பருப்புப் பொடி வறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் இவருக்குப் பால். பாரம் வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தும் போகவில்லை. சமையலறைத் தரையில் சாய்ந்துவிட்டேன். ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிட்டது. சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தார். வந்தவர் என்னைத் தாண்டிப் போய்ப் பொங்குகிற பாலை இறக்கினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மறுபடியும் வாய்வா?"

பேச மூச்சு இல்லை. சோடா வாங்கி வந்தார். கால் மணி நேரம் கழித்து நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும், "இத பிரசாதுகிட்ட சொல்லாத. பயந்துக்குவான்" என்று சொல்லிவிட்டு நடைப் பயிற்சிக்குக் கிளம்பினார். நேரம் தவறினால் அவர் இதயத்துக்கு நல்லதில்லையாம்.

பால் இறக்கியதை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை. கதவைச் சாத்திச் சாவியைப் பக்கத்து வீட்டு ரத்னம்மாவிடம் கொடுத்தேன். ஷேர் ஆட்டோவில் நாலு பேரோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினேன்.

"எவரும்மா பேஷன்ட்டு? கூட யார் வந்திருக்காங்க?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"நான்தான் பேஷன்ட்டு. கூட யாரும் வரல. எழுதிக்கம்மா. ஜெயம்மா, வயசு ஐம்பத்தெட்டு, நெஞ்சு நோவு. எல்லாத்தையும் எழுது, ஒண்ணும் விடாத."

டாக்டர் என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டார். எதற்கு வியாழக்கிழமை வரவில்லை என்று கேட்டார். நான் இன்சூரன்ஸ் கதையைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, காத்திருக்காமல் என்னை உள்ளே அழைத்துப் போனார்கள்.

டெஸ்ட் முடிந்து கட்டிலில் படுத்திருந்தேன். இவர் நடைக்குப் போன கேன்வாஸ் ஷூவோடே வந்து சேர்ந்தார். வந்ததும் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"சார், ரிப்போர்ட்டு எழுதிட்டீங்களா?"

டாக்டர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நம்ம ஊர் போர் தண்ணி ஓடற பைப்புல சுண்ணாம்பு புடிக்குமே, பார்த்திருக்கீங்களாம்மா? அந்த மாதிரி உங்க குழாயெல்லாம் இறுகிப்போயிருக்கு. நேத்து இன்னிக்கு வந்ததில்ல, பல வருஷமா வந்துக்கினே இருக்குது. பெரிய குழாய் முக்கால்வாசி அடைப்பு. செவ்வாய்க்கிழமை பைபாஸ் செய்தாகணும். பிளேன் ஏறியிருந்தா பாதி வழியிலயே..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பொய் சொல்லவில்லை நான். சோம்பேறித்தனம் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. வெள்ளைப் படத்தில் கறுப்பாக நெளிந்தது என் வலி.

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப டிக்கெட்டு?" என்றார். பிறகு அவராகவே பிரசாதுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி என் காதில் வைத்தார். அங்கே நடு ராத்திரி. அவன் அழுதான். என் பிள்ளை அழுதான், அதை இல்லை என்று சொன்னால் எனக்குப் பாவம். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"ஆபரேஷன் ஆனா எத்தினி நாள்ல எழுந்து நடப்பம்மா?"

"மூணு மாசம்னு சொல்றாங்க."

"இவளுக்கு அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி குடுத்திருக்காங்கம்மா."

"தெரியும்டா."

"இங்க எனக்கு லீவு கிடைக்காது. இவளுக்கு வேற யாரும் இல்ல. நான் இன்னா செய்யட்டும், நீயே சொல்லு."

நெஞ்சைப் பிளக்கப் போகிறவளிடம் யோசனை கேட்கிறான். சரி, கேட்டான், சொன்னேன்.

"உங்க நைனாவ அனுப்பி வெக்கறேன். அவருக்கும் விசா இருக்குது. அஞ்சு வருஷமா எண்ணெய் இல்லாம துன்னு, தினம் நடந்து, கிண்ணுனு இருக்காரு. சோறு வடிக்கட்டும், துணி மடிக்கட்டும், குழந்தையத் தூக்கிக்கினு நடக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன். இவர் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிரசாத், ஒன்றும் தெரியாத குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னான்.

"அம்மா, நைனாவ எப்படிம்மா அவ்ளோ தூரம் அலைய வெக்கறது? அவரு ஹார்ட் பேஷன்ட்டும்மா."

நான் போனை அந்த ஹார்ட் பேஷன்ட்டின் கையில் கொடுத்துவிட்டு, ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸைக் கூப்பிட்டேன்.