தடுப்புக்கு இந்தப் பக்கத்துக் குரல்

முழங்கால் அறுவை, அப்புறம் மகள் வீட்டு வாசம் என்று எட்டு மாதம் ஓடிவிட்டது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஊர்ப் பொது வெந்நீர் ஊற்றுக் குளத்துக்குப் போனேன். உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கழுத்துவரை இறங்கியதும் எலும்பெல்லாம் இளகியது. கந்தக வாடைகூட மணமாகத்தான் இருந்தது. துண்டை மடித்துத் தலையில் வைத்துக் கண்ணை மூடினேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை.

"ஏய், நான் ஏறப்போறேன். நீ?"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்கள் குளத்திலிருந்து ஒரு கிழக் குரல். எங்கள் ஊரில் தம்பதிகள் இப்படித்தான். தடுப்பு கூரைவரை போகாது. மேலாகக் குரல் கொடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். பெண்கள் பக்கம் ஐந்தாறு பேர் இருந்தோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"எவடி அவ? புருஷன் கூப்பிடுறான், கல்லுமாதிரி உக்காந்திருக்கா" என்றேன்.

பக்கத்து வீட்டு மிட்சுயோ என் காதோரம் வந்தாள். "சும்மா இரு, அக்கா. அது மரக்கடை கோஷிரோ. அவர் சம்சாரம் வசந்தத்துல செர்ரி பூத்தப்பவே போய்ச் சேர்ந்துட்டா. அவருக்குத்தான் ஞாபகம் நிக்க மாட்டேங்குது. யாரும் பதில் சொல்லிடாதீங்கன்னு மகன் குனிஞ்சு வணங்கிக் கேட்டுக்கிட்டான். இப்பத்தான் கொஞ்சங்கொஞ்சமா மனசுல ஏறுதாம்."

"ஏய்... இருக்கியா?"

இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கால் விரலைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன நியாயம்? என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒருநாளும் எனக்காக வெளியே நின்றதில்லை. இவர் செத்தவளுக்காக நிற்கிறார்.

"இருக்கேன். இதோ வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"மெதுவா வா. தலையை நல்லாத் துவட்டிக்கோ, வெளிய பனி கொட்டுது." அவர் சிரிப்பது கேட்டது. மிட்சுயோ என்னைப் பார்த்த பார்வையில் வெந்நீரிலும் குளிர்ந்தது.

உடுத்திக்கொண்டு திரையை விலக்கினேன். பெஞ்சில், குளித்ததும் குடிக்க இரண்டு பால் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கார் சாவியுடன் மகன் தோமொஹிசா.

"அப்பா, எந்திரிங்க. போலாம்."

"அம்மா வரட்டும்டா."

"அம்மா இல்லப்பா. நாமதானே எலும்பு பொறுக்கினோம்."

"இப்பத்தான் பேசினா. கேட்டுக்கோ, அந்தம்மாவும் உள்ளதான் இருந்தாங்க." பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உள்ள இருக்காள்ல?"

மகன் என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவன் கண்ணில் களைப்புதான் இருந்தது.

பெரியவர் என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை நாளா அம்மா செத்துட்டா, செத்துட்டான்னு சொன்னியேடா. உயிரோட இருக்கிறவளை... நீயெல்லாம் ஒரு பிள்ளையா?"

தோமொஹிசா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான்.