உதவிப் பக்கத்தில் ஒரு பச்சைக் கிளிப்

ஆயுத பூஜை அன்று பஞ்சநாதனின் லாரி ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு முழு சாமந்தி மாலையையும் போட்டு, மணவறை மாப்பிள்ளை மாதிரி அதை மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் தன் முறைக்கு வந்து உட்கார்ந்த அவருடைய மனைவி அமிர்தவல்லி, மாலையைக்கூடக் கழற்றாமல் முதல் வேலையாக பில் போடும் ப்ரோகிராமைத் திறந்து, உதவிக்கான எஃப் ஒன் பொத்தானை அழுத்தினாள். உதவிப் பக்கம் திறக்கவில்லை. பழைய உதவியெல்லாம் இதில் வராது என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு பெட்டிதான் வந்தது. திரும்ப அழுத்தினாள். திரும்பவும் அதே பெட்டி.

லோடு பதியவும் பில் போடவும் அவளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பக்கத்தில் இருந்த பச்சைக் கிளிப்.

கதை இதுதான். ப்ரோகிராம் போட்டுக் கொடுத்த பெரம்பலூர் பரணிதரன், உதவிப் பக்கங்களில் நாமும் குறிப்பு எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று அப்போதே காட்டிக் கொடுத்திருந்தான். எழுதினால் பக்கத்தின் தலைப்பருகே சின்னதாக ஒரு பச்சைக் கிளிப் தோன்றும். அதைத் தட்டினால் எழுதியது தெரியும். காலையில் பஞ்சநாதன், மதியத்துக்கு மேல் அமிர்தவல்லி என்று முறை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குள் பேச்சு நின்றுபோன பிறகோ, அது இல்லாமல் குடும்பமே நடக்காது என்றாகிவிட்டது.

பேச்சு நின்றதற்குக் காரணம் அவளுடைய அண்ணன் சாமிதுரை. விக்கிரமங்கலத்தில் புது வீடு கட்டிக் குடிபோனபோது, வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைக்க வந்தவர், எடைமேடைக்குப் போயிருந்த பஞ்சநாதனுக்காகக் காத்திருக்காமல், தட்டைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். வீட்டு மாப்பிள்ளையை நேரில் அழைக்காத விசேஷத்துக்கு எவன் போவான்? பஞ்சநாதன் போகவில்லை. அமிர்தவல்லி தனியாகப் போய்விட்டு வந்தாள். வந்த அன்று வாய்ச்சண்டை. அதன்பிறகு வாயே திறக்கவில்லை, இரண்டு பேரும். மகன் திருச்சி ஹாஸ்டலில் இருந்ததால் நடுவில் தூது போகவும் ஆளில்லை.

ஆனால் கிளிப் பேசியது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி எழுதுவார்கள். 'லோடு பதிவது எப்படி' பக்கத்தில், ரசம் அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்குங்க என்று அவள் எழுதுவாள். ரசத்துல உப்பு தூக்கல் என்று மறுநாள் அதன் கீழே இருக்கும். கோபம் வந்தால் 'பில்லை ரத்து செய்வது எப்படி' பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே இருந்ததை இங்கே எழுத முடியாது.

பூஜைக்கு முந்தின நாள், 'புதிய பார்ட்டி சேர்ப்பது எப்படி' பக்கத்தில் அமிர்தவல்லி ஒரு வரி எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை அண்ணன் பொண்ணு சுவாதி கல்யாணம், வர்றீங்களா? அண்ணன் இந்தத் தடவையும் பயந்துகொண்டு, "மாப்ளைகிட்ட நீயே சொல்லிடும்மா" என்று பத்திரிகையை அவளிடம்தான் கொடுத்திருந்தார். அந்த வரிக்குப் பதில் வந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் இத்தனை தவிப்பு. இந்தக் கல்யாணத்துக்கும் அவர் வராவிட்டால் பிறந்த வீடு அவளுக்கு அவ்வளவுதான். தனியாகப் போய் நின்று, "மாப்ளை எங்க?" என்று ஊரே கேட்க, இன்னொரு தடவை பொய் சொல்ல அவளால் ஆகாது.

அவள் போன் போட்டதும் பரணிதரன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான்.

"அக்கா, இதுல இருக்குறது புது விண்டோஸ், விஸ்டா. பழைய உதவி ஃபைலத் தெறக்குற ப்ரோகிராமையே இதுல எடுத்துட்டாங்க. நெட்ல தனியா குடுக்குறாங்க, இறக்கிப் போட்டுட்டா பழையபடி தெறக்கும்."

"நாங்க எழுதி வெச்சதும் வருமா தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது வராதுக்கா. அது தனி ஃபைலு. கணக்க மட்டுந்தான் காப்பி எடுத்தேன். பழைய மிஷின எடுத்துட்டுப் போன கடைக்காரன் நேத்தே எல்லாத்தையும் அழிச்சு வித்துட்டான்."

அமிர்தவல்லிக்கு அழுகை முட்டியது. கல்யாணம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"அப்புடி என்னதான்க்கா எழுதியிருந்தீங்க? காலையில சாரும் போன் போட்டு இதையேதான் கேட்டாரு. எப்புடியாவது எடுத்துக் குடு, காசப் பத்திக் கவலப்படாதன்னாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் ஒயர் மாட்ட மேசைக்கு அடியில் நுழைந்தான்.

அவரும் கேட்டாரா? அழுகை நின்ற இடத்தில் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்து எடைமேடையிலிருந்து பஞ்சநாதன் உள்ளே வந்தார்.

"ஏங்க" என்றாள்.

பஞ்சநாதன் திரும்பி, தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

"உங்களத்தான். வெள்ளிக்கிழமை சுவாதி கல்யாணம். நீங்களும் வாங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அதான் நேத்து காலையிலயே பதில் எழுதிட்டேனே."

"நான் பாக்கல. அதுக்குள்ள இது வந்துடிச்சு. எல்லாம் அழிஞ்சு போச்சாம்."

"அழிஞ்சு போச்சா? ஏம்ப்பா!"

"ஆமா சார், மன்னிச்சுக்குங்க" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஆள் வெளியே வரவில்லை.

"என்ன எழுதுனீங்க?" என்றாள் அமிர்தவல்லி.

பஞ்சநாதன் கம்ப்யூட்டர் மாலையில் ஒரு சாமந்தியைப் பிய்த்தார். "உங்கண்ணன் கூப்புடலன்னா போவுது. நீயும்தான் அன்னைக்குப் புதுவீட்டு விசேஷத்துக்கு, நான் போறேன்னியே தவிர, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. நீ வாயால கூப்புட்டா வரேன்னு எழுதுனேன்."

இரண்டு வருஷமாக அண்ணனுக்கும் இவருக்கும் நடக்கிற மல்லுக்கட்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் காத்திருந்தது தன் ஒரு வார்த்தைக்கு என்று தெரிந்ததும் அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

"இப்பக் கூப்புட்டேன்ல?" என்றாள்.

"நானுந்தான் வரேங்குறேன்ல" என்றார்.

மேசைக்கு அடியில் இருந்தவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். "சார், அந்த உதவிய இறக்கிப் போட்டுடவா?" என்று கேட்டான். முந்தின நாளே கிளம்புவதா, காலைப் பஸ்ஸுக்குப் போனால் போதுமா என்று அவர்கள் இருவரும் அதற்குள் சத்தமாகச் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.