தில்ஷாத்தின் இடது கட்டைவிரல்

நாட்றாம்பாளையத்தில் திம்மப்பனின் முக்கால் ஏக்கரில் காய்த்த கத்தரிக்காய் ஒவ்வொன்றிலும் தில்ஷாத்தின் இடது கட்டைவிரல் ரேகை இருந்தது. காம்புக்குச் சற்றுக் கீழே, ஊதாத் தோலில் வெளிர்கோடாகச் சுழித்து, குறுக்கே ஒரு வெட்டுத் தழும்போடு. திம்மப்பன் புழு ஊர்ந்த தடம் என்று நினைத்து இரண்டு முறை மருந்தடித்தார். போகவில்லை. காய் கெடவுமில்லை. அந்தக் கோடையில் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் வாடல் நோயில் தலை தொங்கியபோது, இது பதினெட்டு நாள் தண்ணீர் இல்லாமல் நிமிர்ந்து நின்றது. அவரும் விட்டுவிட்டார். ராயக்கோட்டை மார்க்கெட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கிலோ இருபத்தாறுக்குப் போயிற்று.

நாற்று வந்தது ஓசூரில் ஒரு திசு வளர்ப்புக் கம்பெனியிலிருந்து. நோயைத் தாங்கி நின்ற ஒற்றைச் செடியின் இலையைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, ஊட்டக் கூழ் ஊற்றிய பாட்டிலில் வைத்து, துளிர்த்ததை மறுபடி நறுக்கி வேறு பாட்டிலில் வைப்பது அங்கே வேலை. மூக்கண்டப்பள்ளி தில்ஷாத் அதை ஆறு வருடம் செய்தாள். உறை போட்டால் துண்டு வழுக்குகிறதென்று வெறுங்கையில் ஸ்பிரிட் தடவி, தீயில் காய்ச்சிய இடுக்கியைப் பிடித்துப் பிடித்து, பத்து விரலும் பீங்கானாய் வழுவழுத்துப் போயின. இரண்டாம் வருடம் பிளேடு கிழித்து இடது கட்டைவிரலில் விழுந்த தழும்புகூட மறைந்தது. வாசலில் விரல் வைக்கும் பஞ்ச் மெஷின் அவளை அறியவில்லை என்று முக்கால்வாசி நாள் சிவப்பாய் எரிந்தது.

வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் மெஷினில் ஏறினால் நிரந்தரம் என்பது கம்பெனியின் பேச்சு. நிரந்தரமானவர்களுக்கு நைட் ஷிப்ட் கிடையாது. தில்ஷாத்துக்கு வேண்டியிருந்தது அதுதான், ராத்திரியில் தூக்கம். முந்நூறு நாள் வந்த வருடத்தில் மெஷின் காட்டியது தொண்ணூற்றொன்று.

"மெஷின்ல இல்லன்னா வரலன்னுதாம்மா அர்த்தம், நான் என்ன பண்ணட்டும்" என்றார் ஆபீசில் ராஜேஷ்குமார்.

கேட்டில் செக்யூரிட்டி மாதேஸ்வரி, "இன்னிக்காச்சும் உன்னய மனுசின்னு ஒத்துக்குச்சாக்கா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து அனுப்பினாள்.

தில்ஷாத்தின் புருஷன் கௌஸ் பாஷா தள்ளுவண்டியில் காய்கறி விற்பவன். ராயக்கோட்டையில் எடுத்த மூட்டையைப் பிரித்தவன் ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது உன் வெரலுதானே."

"எப்படிச் சொல்றீங்க?"

"பன்னெண்டு வருசமா என் தட்டுல சோறு போடுற கை. எனக்குத் தெரியாதா?"

தில்ஷாத் வாங்கிப் பார்த்தாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்ததால் ஆச்சரியப்படத் தெம்பில்லை. "அங்க போயிருக்கு போல. நான் தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காயை மெஷினில் வைத்தாள். பச்சை எரிந்து, தேங்க்யூ என்றது. ஒரு காய் வதங்க நாலைந்து நாள் ஆகும். பிறகு கௌஸ் பாஷா வேறு தருவான். "ஆளுக்குக் கெடைக்காத வேலை காய்க்குக் கெடச்சிருச்சு" என்றாள் மாதேஸ்வரி. ராஜேஷ்குமார் கேமராவில் பார்த்துவிட்டு விதிப் புத்தகத்தை எடுத்தார். ரேகை பொருந்த வேண்டும் என்றுதான் இருந்தது. அது விரலில் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. மூடி வைத்தார்.

காலில் வீக்கத்தோடும், ஒரு வாரம் காய்ச்சலோடும், நோன்பு மாதம் முழுக்கவும் அவள் போனாள். மார்ச் மாதம் இருநூற்று நாற்பது ஆனது. நிரந்தர உத்தரவில் கையெழுத்தோடு ரேகையும் கேட்டிருந்தது. தில்ஷாத் மையில் விரலை ஒற்றி வைத்தாள். கறுப்பு வட்டம்தான் விழுந்தது. ராஜேஷ்குமார் மேஜை டிராயரிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து, மை தொட்டு உருட்டி, காகிதத்தில் பதித்தார்; சுழியும் தழும்பும் தெளிவாய் விழுந்தன. காயைத் துடைத்து அவளிடமே கொடுத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்றார்.

அன்று பொழுது சாயும்போதே தில்ஷாத் படுத்துவிட்டாள். கௌஸ் பாஷா அவளை எழுப்பாமல் காயை நறுக்கிக் குழம்பு வைத்தான்.