ஆடியில் அளந்த குப்பை

குவியலைத் தமிழ்ச்செல்வி அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஆவணியின் முதல் முகூர்த்தம். திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்த இரண்டு கல்யாணக் கூட்டம் இந்த மண்டபத்தில் அடுத்தடுத்துச் சாப்பிட்டு எழுந்திருந்தது. அத்தனை எச்சில் இலையும் பின்பக்கம் மதில் உயரத்துக்குக் கிடந்தது. எத்தனை வாய், எத்தனை பசி! அவள் வைத்திருந்த ஒற்றை பிளாஸ்டிக் டிரம் அதற்குள் எங்கோ புதைந்துவிட்டது.

மண்டபத்தின் பின்மனையில் காய்கறி போட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு இலைகளை மக்கவைக்க வேண்டும் என்பது பேச்சு. அதற்காகத்தான் அவளும் புருஷன் இளவரசும் ஒரு வாரம் வந்து குப்பையை அளந்தார்கள். வாட்ச்மேன் தின்ற பழத்தோலும் வேப்பஞ்சருகும் டிரம்மில் பாதிகூட வரவில்லை. அப்போது ஆடி மாதம்.

"ஆடியில வந்து கல்யாண மண்டபத்துக் குப்பைய அளந்த ஜோடி, உலகத்துலயே நாமதான் மாமா."

"சிரிக்காதடி. மேனேஜர் வர்றாரு பாரு."

சபாபதி மூக்கைத் துண்டால் பொத்தியபடியே வந்தார். "ஏம்மா, அடுத்த முகூர்த்தத்துல பந்தி வரைக்கும் நாத்தம் வந்துச்சின்னா எடத்த வுட்டுடணும். ஓனரு கார் நிறுத்த எடம் கேட்டு நச்சரிக்கிறாரு."

கத்தரிச் செடிகள் அப்போதுதான் பூத்திருந்தன. வாடகை வீட்டில் ஒரு சாண் மண் இல்லாதவளுக்கு அதுதான் நிலம், அதுதான் வருமானம்.

"பெரிய தண்ணி டேங்கா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா ஆச்சு" என்றான் இளவரசு.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் மறுநாள் விடிந்ததும் வந்து பார்த்தவள் அசந்துபோனாள். யாரும் தொடாத குவியல் இடுப்பளவுக்கு அமுங்கியிருந்தது. மேலே வாடிச் சுருண்ட இலை. கையை விட்டுக் கிளறினால் நடுவில் காற்றுப் போகாத கொழகொழப்பு. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

"டேங்கு வேணாம் மாமா. எல தானாவே பாதியா அமுங்கிடுது. கை எட்டாத நடுவுலதான் அழுவுது. ரெண்டு பக்கமும் நின்னு கை வுட்டா எட்டுற அகலம் போதும். கெணத்து உறை வார்க்கிற கொளஞ்சிகிட்ட மூணடி உறை கெடக்கும்."

"எத்தினி தொட்டி?"

"மூணு. ஒண்ணு ரொப்ப, ஒண்ணு மக்க. ஒண்ணு காலியா நிக்கட்டும், கிளறி மாத்த."

"காலியா நிக்கிறதுக்கு ஒரு தொட்டியா? நல்லா இருக்குடி ஒன் கணக்கு!"

சொன்னானே தவிர, மாலையே கொளஞ்சியின் பட்டறையிலிருந்து கிணற்று உறைகளைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்துவிட்டான். காற்றுப் போக நடுநடுவே செங்கல் துண்டு வைத்து மும்மூன்றாக அடுக்கினார்கள். ஒரு வரிசை இலை, அதன்மேல் காய்ந்த கரும்புச் சோகை, சாணிக் கரைசல். கணக்கு தப்பினால் கார்கள் வந்து நிற்கும்.

அடுத்த முகூர்த்தம் விடிந்தபோது முன்னால் நாதஸ்வரம் கிளம்பிவிட்டது. சபாபதி துண்டோடு பின்பக்கம் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். துண்டை இறக்கினார்.

"அடுப்பு வெச்சிருக்கியா இங்க? பொகை வருது?"

"பொகை இல்ல சார், ஆவி. தொட்டியில கைய வுட்டுப் பாருங்க."

தயங்கியவர், சட்டையை மடித்துக்கொண்டு சோகையை விலக்கி முழங்கை வரை விட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அய்யய்யோ, சுடுதே!" உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெருப்பே வெக்கலியே?"

"இல்ல சார்."

சொல்லும்போதே அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. சாப்பிட்டுப் போட்ட வெறும் இலை. எங்கிருந்து வந்தது இந்தச் சூடு?

முன்பக்கத்திலிருந்து "மேனேஜர் சார்! மாப்ள வூட்டுக்காரங்க தேடறாங்க!" என்று குரல் வந்தது. அவர் திரும்பவில்லை. மறுபடியும் கையை உள்ளே விட்டார், இந்தமுறை மெதுவாக, மணிக்கட்டு வரை மட்டும். விட்ட கையை எடுக்காமல் கண்ணை மூடி நின்றார். முதல் பந்தி இலைக் கூடைகளைத் தலையில் சுமந்து வந்த பெண்கள், அவரைத் தாண்டிப் போகத் தோன்றாமல் அப்படியே நின்றார்கள்.