ஒரே பெட்டியில் வந்த சாட்சிகள்

அந்த மிதவையைக் கடலில் போட்டு ஐந்து வருடம். பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கி, ஏறும் வழியெல்லாம் உப்பை அளந்து, செயற்கைக்கோளிடம் ஒப்பித்துவிட்டுத் திரும்ப முழுகும். ஒப்பிப்பது மெய்தானா என்று பார்ப்பது என் பிழைப்பு. அடியாழத்துத் தண்ணீர் எங்கள் பிரிவுத் தலைவர் மாதிரி, லேசில் மாறாது. அங்கேயே வருடா வருடம் உப்பு கூடினால் சந்தேகம் முதலில் சென்சார் மேல்தான்.

இதில் கூடியிருந்தது. தலைவரோ கடல்தான் உப்பேறுகிறது என்று அறிக்கையே எழுதிவிட்டார். மதியம் மேலிடத்தில் வாசிக்க வேண்டும். அதற்கு முன் மிதவையின் அளவுகளுக்கு நான் ‘சரி’ என்று குறி போட வேண்டும். அவர் என் அக்கா புருஷன் என்பது கூடுதல் கசப்பு.

“பக்கத்துல மிதக்கிற நாலு மிதவையும் இதையேதான் சொல்லுது, மாப்பிள்ளை. அஞ்சுமா சேந்து பொய் சொல்லும்?”

நான் துணிக்கடையில் வளர்ந்தவன். பேரத்தின் நடுவே பக்கத்துக் கடைக்காரன் வலிய வந்து ஆமாம் போட்டால், அவன் முதலாளிக்குச் சகலை என்று தெரியும். ஐந்தின் தயாரிப்பு எண்களையும் பார்த்தேன். அடுத்தடுத்த எண்கள். ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே கோளாறு. ஒப்பிட வேண்டியது கப்பலில் போய்ப் புட்டியில் பிடித்துவந்து ஆய்வகத்தில் அளந்த தண்ணீரோடு. ஒப்பீட்டுப் பட்டியலில் அதைக் காணோம். இந்த நாலைத்தான் யாரோ செருகியிருந்தார்கள். மாமாவிடம் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. “யார் போட்டதுன்னும் பாரேன்.”

என் பெயர். இரண்டு வருடத்துக்கு முன் கப்பல் போகவில்லை, தற்காலிகமாக இருக்கட்டும் என்று நானே செருகியது. பிறகு கப்பல் இரண்டு தடவை போய்வந்தும் அந்த அளவுகளை நான் சீந்தவில்லை. இத்தனை நாள் மாமாவைப் பார்த்துச் சுளித்த முகம் எதிரே அணைந்திருந்த திரையில் தெரிந்தது.

கப்பல் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். அவற்றில் அடியாழம் அசையவே இல்லை. ஐந்துக்கும் ‘தவறு’ என்று குறி போட்டு, காரணத்தில் என் பெயரையும் எழுதி நீட்டினேன்.

“உன்னையுமில்ல மாட்டிவிட்டிருக்க?”

“சரக்கு என் கைவழியாத்தான மாமா போச்சு.”

அவர் அறிக்கையிலிருந்து பக்கங்களை ஒவ்வொன்றாக உருவினார். உப்பு போன பிறகு மிஞ்சியது நன்றியுரை. அதில் முதல் பெயர் என்னுடையது. அதையும் அவரே கிழித்தார்.